இராத் தங்கும் பள்ளிக்கூடம்

வகுப்பறைக்கு வெளியே – 9

புளியங்குடிப் பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்டப் போகிறேன் என்று யாராவது சென்னையிலிருந்து கிளம்பி வந்தால், அவரை எலுமிச்சைத் தோப்பில் அரைநாள் காய் பறிக்க விட்டுப் பார்க்க வேண்டும். முள் கிழித்த கையோடு அவர் நிற்பார். பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பையன் கூடையை நிரப்பியிருப்பான். 2025-இல் புவிசார் குறியீடு வாங்கிய எலுமிச்சை விளைகிற ஊர் இது. கோடையில் விலை எங்கே ஏறி நிற்கிறது என்பதும், நேற்று ராத்திரி மலையடிவாரத்தில் யானை யார் தோப்புத் தென்னையைச் சாய்த்தது என்பதும் முதல் மணி அடிப்பதற்குள் வகுப்புக்கு வந்து சேர்ந்துவிடும்.

ஆகவே, நகரத்துப் பள்ளிகளுக்கு வெளிக்கள முகாம் வேண்டும் என்று சென்ற வாரம் நான் அடுக்கிய காரணங்கள் இங்கே செல்லாது. ஆனாலும், தங்கிப் படிக்கிற வெளிக்கள முகாம் தமிழ்நாட்டில் எங்கே அவசரமாகத் தேவை என்று கேட்டால் தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களைத்தான் முதலில் சொல்வேன். மரம், செடி, கொடிக்காக அல்ல. இரவுக்காக.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்தவர்களே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் அனுமதிக்கக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நல்லது, கயிற்றை வாசலில் அவிழ்க்கச் சொல்லலாம். சாயந்தரம் மணி அடித்ததும் பிள்ளைகள் அவரவர் தெருவுக்குப் போய்விடுகிறார்களே, அங்கே பள்ளிக்கு என்ன அதிகாரம்? ஒரே பெஞ்சில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவர்கள் ஒருவர் வீட்டுச் சோற்றை ஒருவர் சாப்பிடாமலேயே பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட முடிகிறது. ஒரே அடுப்பு, ஒரே கூடம், அடுத்தடுத்த பாய் என்று பள்ளி கட்டளையிடக்கூடிய ஒரே இடம் முகாம்.

ஏழு நாளில் சாதி ஓடிவிடும் என்று நம்புகிற ஆள் இல்லை நான். முகாமிலும் பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்று பார்த்துப் பாய் விரிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால் அது ஆசிரியரின் கண்ணெதிரே நடக்கும். பாயை மாற்றிப் போடச் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பு இருக்கும்.

இதற்காகப் புதிதாக ஒரு திட்டம் தீட்ட வேண்டியதில்லை. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. அதன் ஏழு நாள் சிறப்பு முகாம் தங்கி நடத்த வேண்டிய முகாம்தான். ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளிப் பருவத்தில் ஒருமுறையாவது நான்கு இரவு, ஐந்து பகல் வெளிக்களக் கல்வி கிடைக்க வேண்டும் என்று 2024-இல் அவர்கள் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. நம் கையில் ஆறு இரவுகள் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்டார்கள், இங்கே ஒரு முகாமுக்கு 50 பேர் என்பதுதான் வித்தியாசம்.

பணம்? அந்த 50 பேருக்கும் சேர்த்து ஏழு நாளுக்கு நெடுங்காலம் 22,500 ரூபாய் கொடுத்தார்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒரு நாளுக்கு 64 ரூபாய் சொச்சம். பின்னர் அது 35,000 ஆனது. நாளுக்குச் சரியாக 100. மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு டீ, பேனர், போகவர பஸ் எல்லாம் அதற்குள். மீதியை முகாமை நடத்துகிற திட்ட அலுவலர் கடைத்தெருவில் தெரிந்தவர்களிடம் அரிசியாகவும் காய்கறியாகவும் கேட்டு வாங்குகிறார், அல்லது சொந்தப் பையில் கை விடுகிறார். மாணவர் முகாம்களைப் பற்றிய மேடைப் பேச்சுகளில் இந்தக் கணக்கு வருவதே இல்லை.

அப்படிப் பாடுபட்டுச் சேர்க்கிற ஏழு நாளில் என்ன நடக்கிறது? தத்தெடுத்த கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் தங்கல். காலையில் கோயில் உழவாரப் பணி, சீமைக் கருவேலம் வெட்டுதல், பிளாஸ்டிக் பொறுக்குதல். மதியம் சாப்பிட்டதும் கருத்துரை. போக்குவரத்து விதி, போதை ஒழிப்பு, சேமிப்பு என்று நாளுக்கொரு சிறப்பு விருந்தினர். அவருக்கு ஒரு சால்வை. உழவாரப் பணியை நான் குறை சொல்லவில்லை; பிள்ளைகளுக்குப் பிடித்ததே அதுதான். அந்தக் கருத்துரைகளைப் பள்ளியிலேயே கேட்டிருக்கலாமே என்பதுதான் என் கேள்வி. சில இடங்களில் பெண்பிள்ளைகளை மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுநாள் காலையில் வரச் சொல்கிறார்கள். பெற்றோரின் பயம் புரிகிறது. ஆசிரியைகள் தங்கினால் அனுப்ப முன்வருவார்கள். அந்த ஆசிரியையின் வீட்டுப் பொறுப்பை அந்த ஏழு நாளும் யார் பார்ப்பது என்பதில்தான் விஷயம் நின்றுபோகிறது.

மலைக்கு அந்தப் பக்கம் வேறு கதை. புளியங்குடியிலிருந்து கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாக இறங்கினால் தென்மலை. அங்கே செந்துருணி வனவிலங்கு சரணாலயம். கேரள வனத்துறை தன் காடுகளில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மூன்று நாள் இயற்கை முகாம்களை, தங்குமிடமும் சாப்பாடும் இலவசமாகக் கொடுத்து, பல வருஷமாக நடத்திவருகிறது. இதற்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் பய்யன்னூர்க் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் ஜான் சி. ஜேக்கப். எழுபதுகளில் ஏழிமலையில் அவர் மாணவர்களைத் தங்கவைத்து நடத்திய முகாம்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் பிறகு அந்த வழக்கத்தைப் பரப்பினார்கள்.

நம் பக்கத்து மலையும் சும்மா கிடக்கவில்லை. 2015-இல் அது நெல்லை வனவிலங்கு சரணாலயம் ஆனது. தெற்கே களக்காடு முண்டந்துறை, வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை என இரண்டு புலிகள் காப்பகங்களுக்கு நடுவே விலங்குகள் போய்வர வழி தருவது அது. தோப்பை மிதித்த யானை எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரிந்தால் தென்னை எழுந்துவிடாது. ஆனால் ராத்திரி பட்டாசு கொளுத்துகிற அப்பாவிடம் பிள்ளை கேட்கிற கேள்வி மாறும். தென்மேற்குப் பருவம் அந்தப் பக்கத்தில் கொட்டித் தீர்க்கையில் இங்கே ஏன் காற்று மட்டும் வருகிறது, ஐப்பசி மழைக்கு ஏன் காத்திருக்கிறோம் என்பதைப் புவியியல் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு, அந்தப் புத்தகத்தில் வருகிற மலை ஜன்னலுக்கு வெளியே நிற்பதுதான் என்று யாரும் சொல்வதில்லை.

காடு என்றதும் குரங்கணிக் காட்டுத் தீ ஞாபகம் வரும். 2018 மார்ச் 11 அன்று பிடித்த தீயில் 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் எந்தத் தலைமையாசிரியரும் மலை என்ற சொல்லுள்ள காகிதத்தில் கையெழுத்துப் போடத் தயங்குவார். நானாக இருந்தாலும் தயங்குவேன். அதனால் காட்டுக்குள் தங்க வேண்டாம் என்றே சொல்கிறேன். அடிவாரத்தில் சரணாலய எல்லைக்கும், யானை நடமாட்டம் உள்ள பகுதிக்கும் வெளியே பட்டா நிலத்துத் தோப்புகள் இருக்கின்றன. அந்தோணிசாமி போன்ற இயற்கை விவசாயிகளால் பெயர் பெற்ற ஊர் இது. கேட்டால் இடம் கொடுக்காமல் போக மாட்டார்கள். ஏழு நாளில் இரண்டு ராத்திரியைக் கிராமத்துப் பள்ளியிலிருந்து அப்படியொரு தோப்பின் மோட்டார் ஷெட் பக்கம் மாற்றலாம். பகலில் வனச்சரக அலுவலர் ஒருவர் வந்து பேசட்டும். அவருக்கும் சால்வை போடலாம், பரவாயில்லை.

நேரமும் தோதாகவே அமைகிறது. சிறப்பு முகாம் பெரும்பாலும் காலாண்டு விடுமுறையில் வரும். செப்டம்பர் கடைசியில் தென்மேற்குப் பருவம் ஓய்ந்திருக்கும், வடகிழக்கு தொடங்கியிருக்காது. காட்டுத் தீக் காலம் வர இன்னும் நாலைந்து மாதம் இருக்கிறது. பெற்றோர் ஒப்புதல், முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதி, இரண்டு ஆசிரியைகள், ராத்திரி முழுக்க விழித்திருக்க இரண்டு காவல் ஆட்கள், அவசரத்துக்கு ஒரு வேன். இவ்வளவுக்கும் 100 ரூபாய்க் கணக்கில் எத்தனை ரூபாய் கூடுதலாக வேண்டும், அதை யாரிடம் கேட்பது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)