வைத்தியசாலை வாசலைக் கடந்த பின்

ஸ்ரீல்ஸ் வீதியின் இருமருங்கும் பரந்துள்ள மில்லிக்கனில், மாரடைப்புற்ற தமிழர் ஒருவர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் நாளை எண்ணிப் பாருங்கள். தாதியின் அறிவுரைகளை ஆங்கிலமறிந்த பேரப்பிள்ளை மொழிபெயர்க்கிறது. "விளங்கியதா?" என்ற கேள்விக்கு நோயாளி மரியாதை கருதித் தலையசைக்கிறார். ஆபத்து அங்கேயே ஆரம்பமாகின்றது.

இது முதியோரின் பிரச்சினை மட்டுமன்று. 2007 இல் வெளியான இன்ரர்ஹார்ட் ஆய்வறிக்கையின்படி, தென்னாசியரை முதல் மாரடைப்புத் தாக்கும் சராசரி வயது 53. ஏனைய நாட்டவர்க்கு ஏறத்தாழ 59. குடும்பத்தைச் சுமப்பவரே நோயாளியாகிறார்.

வீட்டில் நிகழும் தவறுகள் சிறியவை; விளைவுகளோ பெரியவை. குருதிக்குழாயில் ஸ்ரென்ற் பொருத்தப்பட்டவர், "சுகமாகிவிட்டது" என்றெண்ணி, குருதி உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தினால் ஸ்ரென்ற் அடைபடலாம். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையும் இங்கு எழுதிக்கொடுத்த மாத்திரையும் வேறு பெயர்களில் ஒரே மருந்தாக இருக்கலாம். இரண்டையும் உட்கொள்வது அளவை இரட்டிப்பாக்கும். ஆதலின் பழைய மருந்துகள் அனைத்தையும் மருந்தாளரிடம் காட்டுதல் வேண்டும்.

இருதயம் பலவீனமடைந்தவர் தினமும் காலையில், உணவுக்கு முன், எடை பார்த்துக் குறித்தல் அவசியம். இரண்டு நாட்களில் 2 கிலோ, அல்லது ஒரு வாரத்தில் இரண்டரைக் கிலோ கூடினால் உடலில் நீர் தேங்குகிறதெனக் கருதி உடனே வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்பே பலவேளைகளில் இதற்குத் துணைபோகிறது. பைபாஸ் சத்திரசிகிச்சை பெற்றவரின் நெஞ்சென்பு பொருந்த 6 முதல் 8 வாரங்களாகும். அதுவரை பேரப்பிள்ளையைத் தூக்குவதும் பனி அள்ளுவதும் கூடாது.

வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதியின் சேவை ஒன்ராறியோவில் உண்டு. தேவையென மதிப்பிடப்பட்ட ஓஹிப் அட்டையுடையோருக்கு அது இலவசம். வெளியேறும் முன்பே வைத்தியசாலையின் பராமரிப்பு இணைப்பாளரிடம் கேட்டுப் பதிந்துகொள்வது நன்று. பின்னர் 310-2222 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம். அகதிக் கோரிக்கையாளர் தமது கூட்டாட்சிச் சுகாதாரத் திட்டத்தில் எவை அடங்குமென வைத்தியசாலைச் சமூகப் பணியாளரிடம் விசாரிக்க வேண்டும். அவசரமற்ற ஐயங்களுக்கு 811 இல் இரவும் பகலும் தாதியர் பதிலளிப்பர். மொழிபெயர்ப்பு உதவியும் கேட்கலாம். நெஞ்சுவலி எழுந்தால் 911 மட்டுமே.

வீடு திரும்பும் நாளில் பிள்ளையை நம்பியிராது, மொழிபெயர்ப்பாளரைக் கோருங்கள். எந்த மாத்திரை எப்போது, எந்த அறிகுறி தோன்றினால் யாரை அழைப்பது என்பதை நோயாளி தம் வாயாலேயே தமிழில் திருப்பிச் சொல்லட்டும். அதன் பின்னரே வீட்டுக்குப் புறப்படுங்கள்.