பிடித்தாயிற்று, விசாரிப்பது யார்?

1999 அக்டோபரில் 'அலோண்ட்ரா ரெயின்போ' என்ற சரக்குக் கப்பல், சுமத்ரா தீவிலிருந்து சுமார் 7,000 டன் அலுமினியத்துடன் ஜப்பானுக்குப் புறப்பட்டது. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கொள்ளையர்கள் ஏறிவிட்டார்கள். மாலுமிகள் 17 பேரையும் சில நாள் அடைத்துவைத்து, பிறகு ஒரு மிதவையில் இறக்கி நடுக்கடலில் விட்டுவிட்டார்கள். பத்து நாள் போலத் தத்தளித்தவர்களைத் தாய்லாந்து மீன்பிடிப் படகு ஒன்று காப்பாற்றியது. கப்பலோ 'மெகா ராமா' என்று பெயர் மாற்றிக்கொண்டு அரபிக் கடல் வரை வந்துவிட்டது. கோலாலம்பூரிலுள்ள கடற்கொள்ளைத் தகவல் மையம் எச்சரிக்க, நம் கடலோரக் காவல்படையும் கடற்படையும் நவம்பரில் துரத்திப் பிடித்தன.

கப்பலின் உரிமையாளர் ஜப்பானியர். கொடி பனாமாவுடையது. மாலுமிகளில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ்காரர்கள். பிடிபட்டவர்கள் இந்தோனேசியர்கள். வழக்கு நடந்தது மும்பையில். 2003இல் அவர்களுக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கடற்கொள்ளைக்கென்று அப்போது நம்மிடம் தனிச் சட்டமே இல்லை. உள்நாட்டுக் குற்றங்களுக்காக எழுதப்பட்ட பிரிவுகளை வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நடந்த கொள்ளையை நிரூபிக்கப் போராட வேண்டியிருந்தது.

சர்வதேசச் சட்டத்தில் அதிகாரத்துக்குக் குறைவில்லை. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, ஆழ்கடலில் கொள்ளைக் கப்பலை எந்த நாட்டின் போர்க்கப்பலும் பிடிக்கலாம். பிடித்த நாட்டின் நீதிமன்றமே தண்டிக்கலாம். ஆனால் 'தண்டிக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'தண்டிக்க வேண்டும்' என்று இல்லை. குறை இங்கேதான். கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் நடந்தால் இந்த அதிகாரமும் கிடையாது. அது அந்தக் கரைநாட்டின் பொறுப்பு. சோமாலியாவில் பொறுப்பேற்க வலுவான அரசு இல்லாததால், அதன் இடைக்கால அரசின் சம்மதத்துடன் அந்த எல்லைக்குள்ளும் நுழைய 2008 ஜூனில் ஐ.நா. பாதுகாப்பு அவை 1816ஆம் தீர்மானத்தின் மூலம் அனுமதித்தது.

அதன்பின் ஏடன் வளைகுடாவில் போர்க்கப்பல்கள் குவிந்தன. அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், நேட்டோ, இந்தியா, சீனா என்று எல்லோரும் வந்தார்கள். ஒரே கடற்பாதையில் இத்தனை கடற்படைகள் இணங்கிப் போனது பெரிய விஷயம்தான். ஆனால் பிடித்தவர்களை என்ன செய்வது என்று தெரியாமல், ஆயுதங்களைப் பறித்துக்கொண்டு பலரைத் திருப்பி அனுப்பினார்கள். கென்யாவும் செஷல்ஸும் மொரிஷியஸும் விசாரிக்க முன்வந்தபோதுதான் ஓரளவு வழி பிறந்தது.

விசாரிக்க முயலும் நாட்டின் மாலுமிகளுக்கு வேறொரு ஆபத்து இருந்தது. 'அஸ்பால்ட் வென்ச்சர்' கப்பலை 2010 செப்டம்பரில் சோமாலியர்கள் கடத்தினார்கள். 2011 ஏப்ரலில் பணயத்தொகை கைமாறியது, கப்பலும் விடப்பட்டது. ஆனால் அதிலிருந்த 15 இந்தியர்களில் ஏழு பேரைக் கரையிலேயே நிறுத்திக்கொண்டார்கள். இந்தியா பிடித்துவைத்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட சோமாலியர்களை விட்டால்தான் இவர்களை விடுவோம் என்றார்கள். 2014 அக்டோபர் இறுதியில்தான் அந்த ஏழு பேருக்கும் விடுதலை. நான்கு ஆண்டுகள்! அவர்கள் செய்த குற்றம், சம்பளத்துக்குக் கப்பலேறியது மட்டும்தான்.

நம் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2024 மார்ச்சில் 'ருயென்' கப்பலைச் சுமார் 40 மணி நேர நடவடிக்கையில் நம் கடற்படை மீட்டது. 17 மாலுமிகள் உயிரோடு காப்பாற்றப்பட்டார்கள். 35 கொள்ளையர்களும் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டு, இந்தப் புதிய சட்டத்தின்கீழ் ஒப்படைக்கப்பட்டார்கள். அலோண்ட்ரா ரெயின்போவைப் பிடித்தபோது கையில் இல்லாத சட்டம் இது. கால் நூற்றாண்டு தாமதம் என்றாலும் நல்ல காரியம். இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள எல்லா நாடுகளும் இப்படியொரு சட்டத்தை இயற்றியாக வேண்டும்.

பிள்ளைகளைக் கப்பலுக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு செய்தி. கடற்கொள்ளையர் பிடியில் மாலுமி இருக்கும் காலம் முழுவதும் அவருடைய ஒப்பந்தமும் சம்பளமும் தொடர வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் திருத்தம் வந்திருக்கிறது. 2020 டிசம்பர் 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், உங்கள் பிள்ளை ஏறப்போகும் கப்பலின் கொடிநாடு அந்த உடன்படிக்கையை ஏற்றிருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள்.