பாராட்டு கிடைத்தது, இசைத்தட்டு கிடைக்கவில்லை: ‘பவர் பாப்’ குழுக்களும் விமர்சகர்களும்

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1972ஆம் ஆண்டு ‘பிக் ஸ்டார்’ என்ற நால்வர் குழு தன் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதற்கு ‘நம்பர் ஒன் ரெக்கார்டு’ என்று துணிச்சலாகப் பெயர் வைத்தார்கள். இசைத்துறை இதழான ‘பில்போர்டு’ உட்படப் பல இதழ்கள் அதை மனம் திறந்து பாராட்டின. ஆனால் படித்துவிட்டுக் கடைக்குப் போனவர்களுக்கு இசைத்தட்டு கிடைக்கவில்லை. அப்போது விற்றவை பத்தாயிரத்துக்கும் குறைவு.

பெயர் தெரியாத சிறு குழுக்களின் புதிய பாடல்களைப் பற்றி எழுதுவதால் என்ன பயன் என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்தக் குழுவின் பெயர் அடிபடும். விமர்சனத்தால் முடிந்ததையும் முடியாததையும் இதன் கதை ஒருசேரக் காட்டுகிறது.

முதலில், ‘பவர் பாப்’ என்பது என்ன? இந்தச் சொல்லை 1967ல் ஒரு பேட்டியில் பயன்படுத்தியவர் ‘த ஹூ’ குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட். பீட்டில்ஸ் பாடல்களின் இனிய மெட்டையும் ‘த ஹூ’ குழுவின் கிட்டார் முழக்கத்தையும் மூன்று நிமிடத்துக்குள் அடக்கினால் வருவது பவர் பாப் என்று சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டு மூன்று குரல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து பாடும். கிட்டார் மணிபோலக் கணீரென்று ஒலிக்கும், பிறகு திடீரென்று உறுமும். பாடுபொருள் பெரும்பாலும் பள்ளிப் பருவத்து ஏக்கம், சொல்லாத காதல், வேலையில்லாத மாலைப்பொழுது.

தமிழ்த் திரையிசையில் ஊறியவர்களுக்கு ஒரு வேறுபாடு உடனே தெரியும். நம் பாடல்கள் பல்லவியில் தொடங்கிச் சரணத்துக்குப் போகும். பவர் பாப் பாடல் பெரும்பாலும் சரணத்தில் தொடங்கிப் பல்லவிக்காகக் காக்க வைக்கும். அந்தக் காத்திருப்புக்குப் பிறகு பல்லவி வந்து விழும்போது கேட்பவரும் சேர்ந்து பாடத் தொடங்கினால் பாடல் வென்றுவிட்டது. கேட்கச் சுலபமாகத் தோன்றும் இந்த வேலை, செய்வதற்கு மிகக் கடினமானது. மூன்று நிமிடத்தில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

அடுத்தது ‘இண்டி’ என்ற சொல். இன்று அது ஒருவகை ஒலியைக் குறிப்பதாகப் பலர் நினைக்கின்றனர். தொடக்கத்தில் அது ஒலியைப் பற்றிய சொல்லே அல்ல, சரக்கு எப்படிக் கடைக்குப் போகிறது என்பதைப் பற்றியது. பிரிட்டனில் 1980 ஜனவரியில் ‘இண்டி’ தரவரிசை தொடங்கியபோது விதி எளிமையாக இருந்தது. பெரிய இசை நிறுவனங்களின் விநியோகத்தைச் சாராமல் கடைக்கு வந்த இசைத்தட்டு எதுவும் பட்டியலில் இடம்பெறலாம். பாடல் எந்த வகையைச் சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.

விநியோகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு பிக் ஸ்டாரே சாட்சி. குழுவில் இருந்தவர்கள் அலெக்ஸ் சில்டன், கிறிஸ் பெல், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீஃபன்ஸ் ஆகியோர். சில்டன் புதியவர் அல்லர். 1967ல் 16 வயதிலேயே ‘பாக்ஸ் டாப்ஸ்’ குழுவில் ‘த லெட்டர்’ பாடலைப் பாடி, அமெரிக்கத் தரவரிசையில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தவர். குழுவின் பெயர்கூட ஒலிப்பதிவுக்கூடத்தின் அருகே இருந்த பேரங்காடியின் பெயர்தான். ‘ஆர்டென்ட்’ என்ற அந்தக் கூடம் உயர்தரமானது. அதை நடத்திய ஜான் ஃபிரை இளையர்களுக்கு ஒலிப்பதிவு செய்யக் கற்றுக்கொடுத்து, இரவில் கூடத்தைப் பயன்படுத்தவும் விட்டார்.

சிக்கல் கூடத்துக்கு வெளியே இருந்தது. ஆர்டென்டின் இசைத்தட்டுகளை விற்றுத் தரவேண்டியது ‘ஸ்டாக்ஸ்’ நிறுவனம். ஸ்டாக்ஸ் கறுப்பினத்தவரின் ‘சோல்’ இசையில் பெரும்புள்ளி. அந்த வானொலிகளையும் கடைகளையும் அது நன்கு அறிந்திருந்தது. கிட்டார் பாப் விற்கும் கடைகளுடன் அதற்கு அவ்வளவு பழக்கமில்லை. அதே 1972ல் ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தை ‘கொலம்பியா’ என்ற பெரிய நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பழைய விநியோகக்காரர்கள் விலக்கப்பட்டனர். கொலம்பியாவோ இந்தக் குழுவைப் பொருட்படுத்தவில்லை. இதழ்களில் பாராட்டு வந்துகொண்டே இருந்தது. இசைத்தட்டு கிடங்கில் கிடந்தது.

தொகுப்பைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கிறிஸ் பெல்லால் அதைத் தாங்க முடியவில்லை. மனம் உடைந்து அந்த ஆண்டின் இறுதியில் குழுவைவிட்டு விலகினார். குழுவும் ஏறத்தாழக் கலைந்தது.

அதை மீண்டும் மேடையேற்றியவர்கள் விமர்சகர்கள். 1973 மே மாதம் ராக் இசை எழுத்தாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மெம்ஃபிஸில் கூட்டப்பட்டனர். அவர்கள்முன் எஞ்சிய மூவரும் வாசித்தார்கள். எழுதுகிறவர்கள் எழுந்து ஆடினார்கள். அந்த உற்சாகத்தில் பிறந்ததுதான் 1974ல் வந்த ‘ரேடியோ சிட்டி’. அதற்கும் பாராட்டு குவிந்தது. அதுவும் சரியாக விநியோகமாகவில்லை. 1974ல் பதிவுசெய்த மூன்றாவது தொகுப்பை வெளியிட யாரும் முன்வராமல், அது 1978ல்தான் வந்தது.

கிறிஸ் பெல் தந்தையின் உணவகத்தில் வேலை பார்த்தார். ‘ஐ ஆம் த காஸ்மோஸ்’ என்ற ஒரே ஒரு தனிப்பாடல் இசைத்தட்டு 1978ல் ஒரு சிறு நிறுவனம் வழியாக வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி கார் விபத்தில் இறந்தார். அப்போது வயது 27. அவருடைய மற்றப் பதிவுகள் தொகுப்பாக வெளிவர 1992 ஆயிற்று. சில்டன் 1980களின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உணவகத்தில் தட்டு கழுவிப் பிழைத்தார்.

ஆனால் எழுதப்பட்டவை வீணாகவில்லை. பழைய இதழ்களைப் படித்தவர்கள் பழைய இசைத்தட்டுக் கடைகளில் தேடினார்கள். தேடியவர்களில் சிலர் தாமே குழு தொடங்கினார்கள். ‘ஆர்இஎம்’ குழுவினர் பிக் ஸ்டாரைப் புகழ்ந்து பேசினர். ‘பேங்கிள்ஸ்’ 1986ல் இவர்களின் பாடல் ஒன்றைப் பாடி வெளியிட்டது. ‘ரீப்ளேஸ்மெண்ட்ஸ்’ 1987ல் சில்டன் பெயரிலேயே ஒரு பாடல் வெளியிட்டது. 2003ல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் தலைசிறந்த 500 தொகுப்புகளின் பட்டியலில் மூன்று தொகுப்புகளும் இடம்பெற்றன. அதற்குள் முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. விமர்சனம் தோற்கவில்லைதான், ஆனால் அந்த இளையர்களுக்குத் தேவைப்பட்டபோது அது போதவில்லை.

நேர்மாறான கதையும் உண்டு. 1979ல் ‘நாக்’ குழுவின் ‘மை ஷரோனா’ ஆறு வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. அளவுக்கு மீறிய விளம்பரம் எரிச்சலூட்ட, விமர்சகர்கள் குழுவைக் கிழித்துத் தொங்கவிட்டனர். அந்தக் கோபம் பவர் பாப் வகை முழுவதன்மீதும் படிந்தது. பெரிய நிறுவனங்கள் விலகிக்கொள்ள, இந்த இசை சிறு நிறுவனங்களிடம் அடைக்கலம் புகுந்தது. பவர் பாப் இன்றும் பெரும்பாலும் ‘இண்டி’யாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிங்கப்பூரில் இந்த வேலையைத் தோளில் சுமந்தது ‘பிக்ஓ’ இதழ். 1985ல் மைக்கல் சியா, ஃபிலிப் சியா சகோதரர்கள் நண்பர்களுடன் சேர்ந்து நகலெடுத்த தாள்களாக அதைத் தொடங்கினர். வெளிநாட்டு இசைத்தட்டுகளை மதிப்பிட்ட அதே பக்கங்களில் உள்ளூர்க் குழுக்களையும் மதிப்பிட்டனர். இதழ் அத்துடன் நிற்கவில்லை. உள்ளூர்க் குழுக்களின் பாடல்களைத் தொகுத்து ஒலிநாடாவாகவும் குறுந்தட்டாகவும் அதுவே வெளியிட்டது. பாராட்டிவிட்டுக் கைகழுவாமல் பாடலை வாசகர் கையில் சேர்க்கவும் செய்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மெம்ஃபிஸில் இல்லாமல் போனது அதுவே. பேட்ரிக் சிங் தலைமையிலான ‘ஆட்ஃபெல்லோஸ்’ குழுவின் ‘சோ ஹேப்பி’ பாடல் 1992ல் உள்ளூர் ஆங்கில வானொலித் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. கிட்டார் முழக்கமும் பாடிக்கொண்டே போகத் தூண்டும் பல்லவியும் கொண்ட அதைப் பவர் பாப் என்று சொல்வதில் தவறில்லை. பிக்ஓ 2003ல் அச்சிதழை நிறுத்தியது.

மலேசியாவில் ‘பாசிட்டிவ் டோன்’ நிறுவனம் 1994ல் ‘ஓஏஜி’ குழுவின் முதல் தொகுப்பை வெளியிட்டது. யோகி பி இடம்பெற்ற ‘போயட்டிக் அம்மோ’வின் முதல் தொகுப்பு 1998ல் வெளிவந்ததும் அதே நிறுவனத்தின் வழியாகத்தான். கிட்டார் பாப் குழுவும் ராப் குழுவும் ஒரே வாசல் வழியாக வந்தன என்பது தமிழ் ராப் கேட்டு வளர்ந்த பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

இன்று கிடங்கு, லாரி, கடை அலமாரி எதுவும் தேவையில்லை. 2008ல் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப்’ தளத்தில் ஒரு குழு தன் பாடலை ஏற்றி, தானே விலை வைத்து விற்கலாம். மின்னிலக்க விற்பனையில் தளம் பொதுவாக 15 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது. கொவிட்-19 காலத்தில், 2020 மார்ச் 20ஆம் தேதி, அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கும் ‘பேண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமை’ தொடங்கியது. விமர்சனத்தைப் படித்த அதே நொடியில் பாடலைக் கேட்கலாம். பிக் ஸ்டாரைக் கொன்ற தூரம் மறைந்துவிட்டது.

அந்த இடத்தில் வேறொரு சிக்கல் முளைத்திருக்கிறது. எல்லாரும் ஏற்றலாம் என்றால் எல்லாரும் ஏற்றுகிறார்கள். பாடல் எங்கோ கிடைக்காமல் இருந்தது போய், குவியலுக்கடியில் கிடக்கிறது. ‘ஸ்பாட்டிஃபை’ 2024 முதல், 12 மாதங்களில் ஆயிரம் முறையாவது ஒலிக்காத பாடலுக்கு அந்தப் பதிவுக்கான உரிமத்தொகை தருவதில்லை. ஆயிரம் என்பது பெரிய எண்ணல்ல. ஆனால் யாருக்கும் தெரியாத குழுவுக்கு நல்ல விமர்சனம் ஒன்று கொண்டுவரும் நூறு காதுகள் அங்கே கணக்கில் வருகின்றன.

ஆகவே புதிய வெளியீடுகளை மதிப்பிடுபவரின் முதல் வேலை இன்று சலித்தெடுப்பதுதான். பவர் பாப்பைப் பொறுத்தவரை அதில் ஒரு பொறி உண்டு. இந்த வகையில் எல்லாக் குழுவும் யாரையாவது நினைவுபடுத்தும். “பீட்டில்ஸ் போல, பிக் ஸ்டார் போல” என்று எழுதுவது வழிகாட்டிப் பலகை மட்டுமே. முன்பின் அறியாத குழுவை வாசகருக்கு அறிமுகப்படுத்த அது தேவை, ஆனால் பல விமர்சனங்கள் பலகையோடு நின்றுவிடுகின்றன. யாரைப் போல இருக்கிறது என்று சொன்ன பிறகு, அந்தப் பாடல் தன் காலில் நிற்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் மெட்டு தானாக வாயில் வருகிறதா என்பது நம்பத்தக்க சோதனை. தொகுப்பின் முதல் இரண்டு பாடல்களை மட்டும் கேட்டு எழுதுவது பெருங்குற்றம். எல்லாக் குழுவும் தன் வலுவான பாடல்களை முன்னால்தான் வைக்கும். எட்டாவது பாடலிலும் தெம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படுக்கையறையில் பதிவுசெய்த ஒலி சற்று மங்கலாக இருப்பது குறையாகாது. குரல் கிட்டாருக்கடியில் புதைந்து சொல் புரியாமல் போவது குறைதான்.

இன்னொரு சங்கடம் சிறிய ஊர்களுக்கே உரியது. எழுதுபவருக்கும் முரசு வாசிப்பவருக்கும் பழக்கம் இருக்கும். பத்து வெள்ளி கொடுத்து வாங்கப்போகும் வாசகருக்கு அது தெரியாது. நட்புக்காக எல்லாவற்றையும் அருமை என்று எழுதினால் ஆறே மாதத்தில் அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்காது. பிறகு உண்மையிலேயே அருமையான தொகுப்பு வரும்போது எழுதுவதற்குச் சொல் மிஞ்சாது. சுமாரான தொகுப்பை எழுதாமல் விட்டுவிடலாம். எழுதினால் எந்தப் பாடல் நின்றது, எது சரிந்தது என்று பெயர் சொல்லி எழுதுவதே குழுவுக்கும் உதவி.

கேட்டுப் பார்க்க விரும்புவோர் மூன்று தொகுப்புகளில் தொடங்கலாம். பிக் ஸ்டாரின் முதல் தொகுப்பு ஒன்று. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சேர்ந்த ‘பெத்ஸ்’ குழுவின் ‘எக்ஸ்பர்ட் இன் எ டையிங் ஃபீல்ட்’ இரண்டாவது, 2022ல் வந்தது. மூன்றாவது, சிங்கப்பூரின் ‘சாப்ஸ்’ குழு அதே ஆண்டில் அமெரிக்காவின் ‘டாப்ஷெல்ஃப்’ என்ற சிறு நிறுவனம் வழியாக வெளியிட்ட ‘ஏர் கிட்டார்’. நேரம் குறைவாக இருப்பவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது. வேலைக்குப் போகும் எம்ஆர்டி பயணத்துக்குள் முழுவதையும் கேட்டுவிடலாம்.