தனியே அழைத்துச் சென்றார்

காது கேளாதவரை இயேசு கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்று நலமாக்கினார் (மாற்கு 7:33). நோயாளியின் மறைவைக் காப்பதும் குணமளிக்கும் பணியே.

அது காக்கப்படாவிட்டால்? பின்லாந்தின் வாஸ்டாமோ உளநல மையத்தில் நோயாளிகள் மனம் திறந்து பேசியவை கணினியில் போதிய பாதுகாப்பின்றி இருந்தன. அவை திருடப்பட்டன. பணம் தராவிட்டால் எல்லாவற்றையும் வெளியிடுவோம் என 2020 அக்டோபரில் ஆயிரக்கணக்கானோருக்கு மின்னஞ்சலில் மிரட்டல் வந்தது. இப்படி அஞ்சுகிறவர் அடுத்த முறை மருத்துவரிடமும் வாய் திறப்பாரா?

தேவையானதை மட்டும் பதிவது, பெயரையும் நோய்க்குறிப்பையும் பிரித்து வைப்பது, சிகிச்சை தருபவர் மட்டுமே திறக்கும்படி பூட்டுவது: இவையும் பிறரன்புச் செயல்களே.

மருத்துவப் பணியிலுள்ள அன்பர்களே, கணினித் திரையில் நீங்கள் காண்பது வெறும் தகவல் அல்ல. உங்களை நம்பி வந்த சகோதரர், சகோதரி.