நாலு வரி விளம்பரம், நாலு காசு வருமானம்

1958-ம் வருஷம் வரையில் சென்னை 'ஹிந்து' பத்திரிகையின் முதல் பக்கத்தில் செய்திகள் இருக்கவில்லை, விளம்பரங்கள்தாம் இருந்தன. லண்டன் 'டைம்ஸ்' 1966 வரையில் முதல் பக்கம் முழுவதையும் வரி விளம்பரங்களுக்கே கொடுத்து வந்தது. உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும், பக்கத்துத் தெருவில் யாருக்கு என்ன வேண்டும் என்று அறிவதில் மனிதர்களுக்கு எப்போதுமே ஒரு தனி ருசி!

அந்த வரி விளம்பரம் இப்போது கைத்தொலைபேசிக்குள் குடியேறிவிட்டது. ஓ.எல்.எக்ஸ்., சுலேகா, பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் என்று அதற்குப் பல வீடுகள். பத்திரிகையில் வரிக்கு இவ்வளவு என்று கணக்குப் பண்ணிப் பணம் கட்ட வேண்டும். இங்கேயோ, பல இடங்களில் சாதாரண விளம்பரத்துக்குக் காசே இல்லை. வீட்டிலிருந்தபடியே நாலு காசு சம்பாதிக்க நினைக்கும் பெண்மணிகளுக்கு இதைவிடச் சௌகரியம் வேறு என்ன வேண்டும்? ஆனால் சௌகரியம் இருக்கிற இடத்தில் சங்கடமும் இருக்கும். இரண்டையும் பார்த்துவிடுவோம்.

எப்படி எழுதுவது?

மேற்கு மாம்பலத்தில் ஒரு குடும்பத் தலைவி இருக்கிறாள்; நன்றாக ரவிக்கை தைப்பாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் இப்படி விளம்பரம் செய்கிறாள்: "இங்கே எல்லாவிதத் தையல் வேலைகளும் சிறந்த முறையில், மலிவாகச் செய்து தரப்படும்."

இதைப் படித்து யாராவது போன் செய்வார்களா? 'எல்லாவித' என்றால் எது? 'மலிவு' என்றால் எவ்வளவு? 'இங்கே' என்றால் எங்கே? ஒன்றும் விளங்கவில்லை, அல்லவா?

இப்போது இதைப் பாருங்கள்: "மேற்கு மாம்பலத்தில், வீட்டிலேயே பெண்மணி தைத்துத் தரும் ரவிக்கைகள். அளவு ரவிக்கை கொண்டு வந்தால் போதும். லைனிங் வைத்தும், வைக்காமலும் தைக்கப்படும். புடவைக்கு பால்ஸ் அடித்துத் தரப்படும். ஐந்து நாளில் கிடைக்கும். போன் செய்ய வேண்டிய நேரம்: காலை 11 முதல் மாலை 4 வரை." இதோடு கூலியையும் போட்டுவிட்டால், பேரம் பேசுவதற்கென்றே கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் குறைந்துவிடுவார்கள்.

பேட்டையின் பெயரைத் தலைப்பிலேயே போடுவது முக்கியம். ரவிக்கை தைக்கக் கொடுப்பதற்காகத் தாம்பரத்திலிருந்து ஒருவரும் திருவொற்றியூருக்கு வரப் போவதில்லை. தேடுகிறவளும் தன் பேட்டையின் பெயரைப் போட்டுத்தானே தேடுவாள்?

கூலியை நிர்ணயிக்கும்போது நூல், கொக்கி, லைனிங் துணி, மின்சாரம் இவற்றோடு உங்கள் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். "வீட்டு வேலைதானே!" என்று நம் உழைப்பை நாமே இனாமாகக் கொடுத்துவிடுவது நம்மில் பலருக்கு உள்ள பழக்கம். நேரத்தை விட்டுவிட்டுப் போட்ட கணக்கில் லாபம் என்று தெரிவது லாபமே அல்ல.

படம்

எழுத்தைவிட முதலில் கண்ணில் படுவது படம். விளக்கு வெளிச்சத்தில் அரக்கு நிறம் கறுப்பாகத் தெரியும். ஆகையால் பகலில் ஜன்னலோரம் துணியை விரித்துப் படம் எடுங்கள். முன்புறம், பின்புறம், அதோடு உட்புறத்தையும் ஒரு படம் எடுங்கள். தையல் தெரிந்தவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது உட்புறத்தைத்தான். வேறு யாரோ தைத்ததன் படத்தை எடுத்துப் போட்டுக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. படத்தில் ஒன்றும் கையில் வேறொன்றுமாக இருந்தால், வந்தவள் மறுபடி வர மாட்டாள். நாலு பேரிடம் சொல்லவும் செய்வாள்.

யார் கூப்பிடுகிறார்கள்?

விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறவர்கள் எல்லாருமே வாடிக்கைக்காரர்கள் அல்ல. ஒருவன் கூப்பிடுகிறான். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்கிறான். தங்கைக்குக் கல்யாணம், இருபது ரவிக்கை தைக்க வேண்டும் என்கிறான். துணியைப் பற்றியும் கேட்கவில்லை, அளவைப் பற்றியும் கேட்கவில்லை. கூலியில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. "முழுப் பணத்தையும் இப்போதே அனுப்புகிறேன், நான் அனுப்பும் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து, உங்கள் பின் நம்பரைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்கிறான்.

சகோதரிகளே, இந்த ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: யு.பி.ஐ. மூலம் பணம் வருவதற்குப் பின் நம்பர் வேண்டியதே இல்லை. பின் நம்பரைப் போட்டால் பணம் போகும், வராது. ராணுவ வீரர்களிடம் நமக்குள்ள மதிப்பையே தூண்டிலாகப் போடுகிறார்கள் இந்த மோசக்காரர்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. "ஆயிரம் அனுப்புவதற்குப் பதில் தவறிப் பத்தாயிரம் அனுப்பிவிட்டேன். ஒன்பதாயிரத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்று பதறுவான். பணம் வந்ததாகக் குறுஞ்செய்தியும் வந்திருக்கும். அந்தச் செய்தியை அனுப்பியவனே அவன்தான்! பாங்குக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே பார்க்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். அப்படியும் பணம் போய்விட்டால், அழுதுகொண்டிருக்காமல், 'வீட்டில் கோபிப்பார்களே' என்று மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

விளம்பரத்தில் பேட்டையின் பெயர் இருக்கலாம். கதவு எண் வேண்டாம். போனில் பேசி, ஆள் யார் என்று தெரிந்துகொண்ட பிறகு விலாசத்தைச் சொல்லுங்கள். வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். முடிந்தால் விளம்பரத்துக்கென்று தனியாக ஒரு போன் நம்பர் வைத்துக்கொள்வது நல்லது.

ரவிக்கைக்குப் பதில் பொடி, ஊறுகாய், வடாம் விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுச் சமையலறையில் செய்தாலும், விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர்கள் தரும் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தின் மேல் போட வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

கூப்பிடுகிற ஒவ்வொருவரையும், "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பெயர், தேதி, எந்த விளம்பரம், வேலை கொடுத்தாரா இல்லையா என்ற நாலு பத்திகள் போதும். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால், எந்த இடத்து விளம்பரம் பலன் தருகிறது, எது வீண் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு, காசு கொடுத்து விளம்பரத்தை மேலே நிறுத்தலாமா என்று யோசிக்கலாம்.

புது விளம்பரங்கள் வர வர, பழையது அடியில் போய்விடும். ஆகையால் அவ்வப்போது புதுப் படத்தோடு மறுபடி போடுங்கள். அதேபோல், எடுத்துவிடவும் தெரிந்திருக்க வேண்டும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே கை நிறைய வேலை சேர்ந்துவிட்டதா? "இனிப் பண்டிகைக்குப் பிறகுதான்" என்று போட்டுவிடுங்கள். வந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, பண்டிகைக்கு முதல் நாள் இரவு ஒருத்தியை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால், அந்த வருத்தத்தை எந்த விளம்பரமும் போக்காது. சொன்ன தேதியில், சொன்ன அளவில் ரவிக்கை கிடைத்தவள், அடுத்த தடவை தன் நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு வருவாள். நோட்டில் அவள் பெயருக்கு எதிரே 'எந்த விளம்பரம்' என்ற பத்தியை நீங்கள் காலியாக விட்டுவிடலாம்!