கருவிழியில் எவ்வளவை மாற்றுவது?

1905ஆம் வருஷம் டிசம்பர் 7ஆம் தேதி, மொராவியாவின் ஓலொமோத்ஸ் நகரில், சுண்ணாம்பு பட்டு இரு கண்களும் வெந்துபோன ஒரு தொழிலாளிக்கு, இரும்புத் துணுக்கு பாய்ந்ததால் அகற்றப்பட்ட ஒரு சிறுவனுடைய கண்ணிலிருந்து கருவிழியை எடுத்துப் பொருத்தி, ஒரு கண்ணிலேனும் பார்வை நிலைக்கும்படி செய்தார் எட்வர்ட் ஸிர்ம் என்னும் வைத்தியர். அதன் பின்னர் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம், இந்தச் சஸ்திர சிகிச்சை பெரும்பாலும் கருவிழியின் முழுக் கனத்தையும் வட்டமாக வெட்டியெடுத்து, தானமாக வந்த வட்டத்தை அவ்விடத்தில் தைப்பதாகவே இருந்தது.

நடுவில் அரை மில்லிமீட்டர் கனமே உள்ள கருவிழி தெளிவாக இருப்பதற்கு, உட்புறத்து ஒற்றை வரிசை உயிரணுக்கள் திசுவில் ஊறும் நீரை ஓயாது வெளியேற்றி வருவதே காரணம். அவை மடிந்தால் ஈடாகப் புதியவை தோன்றுவதில்லை. ஆகவே எந்த அடுக்கு கெட்டிருக்கிறது என்பதே முதலில் விசாரிக்க வேண்டியது. கருவிழி கூம்பிப்போன இளைஞர்களுக்கு இவ்வரிசை பழுதின்றி இருப்பதால், 2002இல் அன்வரும் டைக்மனும் விவரித்தபடி, திசுவினுள் காற்றைச் செலுத்திப் பெருங்குமிழி எழுப்பி, முன் அடுக்குகளை மட்டும் மாற்றலாம். அந்நிய உள்வரிசை புகாததால், அதை உடல் எதிர்த்து நிராகரிக்கும் அபாயமும் இல்லை.

உள்வரிசையே கெட்டவர்களுக்கு, டச்சு வைத்தியர் கெரிட் மெல்லஸ் வகுத்த வழி வேறு. 'டிமெக்' முறையில் மாற்றப்படும் சவ்வின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். நீலச்சாயம் ஏற்றிய அந்தச் சவ்வு தானே சுருளாகச் சுருண்டுகொள்ள, வைத்தியர் கருவிழியை வெளியிலிருந்து மெல்லத் தட்டித் தட்டி அதனை விரித்து, அடியில் காற்றுக் குமிழியை நிறுத்தி, நோயாளியை மல்லாந்து படுக்க வைக்கிறார். கருவிழியில் சவ்வைத் தைப்பதே இல்லை. முழு மாற்றத்தில் மயிரினும் மெல்லிய நைலான் தையல்கள் ஓராண்டும் அதற்கு மேலும் நின்று, இழுப்பு சமமில்லாதபோது பிம்பத்தைக் கோணலாக்கும் துன்பத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஆயினும் சவ்வு சில சமயம் பிரிந்து, மீண்டும் காற்றுச் செலுத்த நேர்வதால், சிக்கலான கண்களுக்குச் சற்றே கனத்த துண்டை வைக்கும் 'டிசேக்' முறையை வைத்தியர்கள் விரும்புவது நியாயமே என்பது என் அபிப்பிராயம். இறுகச் சுருள்வதால் டிமெக்கில் ஒதுக்கப்பட்ட இளவயதினர் தானத்தையும், கூடுதலாக ஒரு மெல்லிய அடுக்கைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறையைச் சென்னையின் அமர் அகர்வால் வகுத்தார்.

நெல் உமி பட்டுப் பூஞ்சைப் புண் முற்றி ஓட்டையாகிவிட்ட விவசாயியின் கண்ணுக்கு இன்றும் முழு மாற்றமே கதி. அடுக்கு முறையிலோ, தானமாக வந்த ஒரே கருவிழியின் முன்பாகத்தை ஒருவருக்கும் உள்வரிசையை மற்றொருவருக்கும் பொருத்த முடிகிறது.