கொட்டேஷன் போடும் கம்ப்யூட்டர்

கல்யாண சமையல்காரரிடம் '500 இலை' என்று சொன்னால் போதும். அரிசி, பருப்பு, தேங்காய் என்று மடமடவென லிஸ்ட் ஒப்பித்துவிடுவார். ஏ.ஸி., பைப் வேலை எடுக்கும் மெக்கானிக்கல் கான்ட்ராக்டர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான். இப்போது அதற்கு ஸாஃப்ட்வேர் இருக்கிறது.

அம்பத்தூரில் டக்ட் வேலை எடுக்கும் நண்பர் காட்டினார். கட்டட வரைபடத்தைத் திரையில் விரித்து, டக்ட் போகும் வழியில் மௌஸை இழுக்கிறார். 600-க்கு 300 மில்லிமீட்டர் டக்ட், 100 மீட்டர் நீளம். நாலு பக்கமும் சேர்த்து 180 சதுர மீட்டர் தகடு. 0.6 மி.மீ. கனம் என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ; ஆக 900 கிலோ. ஸ்கேலும் கலர் பென்சிலுமாக நாள்கணக்கில் இழுத்த வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"அப்புறம் உங்களுக்கு என்ன ஸார் வேலை?" என்றேன்.

"தகட்டை அது எண்ணிடும். தூக்கி மாட்டுற ஆளை யார் எண்றது?"

நியாயம்தான். தரைத்தளத்தில் மாட்டுவதும், லிஃப்ட் இல்லாத எட்டாவது மாடியில் ராத்திரி மட்டும் மாட்டுவதும் ஒன்றா? எந்த வேலைக்கு எத்தனை மணி நேர உழைப்பு என்று அமெரிக்க மெக்கானிக்கல் கான்ட்ராக்டர்கள் சங்கம் கையேடே போட்டிருக்கிறது. ஆனால் நம்ம ஸைட்டுக்கு அதில் எவ்வளவு கூட்டணும், குறைக்கணும் என்பது ஸைட்டைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

'கூட்டலாவது சரியா இருக்குமே' என்பீர்கள். இருக்கும், நாம் கூட்டச் சொன்னதை மட்டும்! 1980-களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு கட்டுமான கம்பெனி, லோட்டஸ் ஸிம்ஃபனியில் டெண்டர் கணக்குப் போட்டது. 2,54,000 டாலர் பொதுச் செலவைப் பிறகு ஒரு வரியாகச் செருகினார்கள். மொத்தத்தில் அது சேரவே இல்லை. வேலை மட்டும் கிடைத்துவிட்டது! 1986-ல் லோட்டஸ் மேல் கேஸ் போட்டு, பிறகு வாபஸ் வாங்கினார்கள்.

பி.காம். படித்த தோஷம், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செலவு 1 கோடி. '20 சதவிகித லாபம்' என்று முதலாளி சொல்ல, நீங்கள் 20 என்று தட்டினால் 1.20 கோடி வரும். ஆனால் பில் தொகையில் அந்த லாபம் 16.67 சதவிகிதம்தான். பில்லில் 20 வேண்டுமென்றால் 1.25 கோடி கேட்க வேண்டும். ஒரே '20', வித்தியாசம் 5 லட்சம்! முதலாளி சொன்னது எந்த இருபது என்று கம்ப்யூட்டர் கேட்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

குறைந்த டெண்டர் நம்முடையது என்று ஸ்வீட் வாங்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். மற்றவர்கள் சேர்த்த எதையாவது நாம் விட்டுவிட்டோமா? கணக்குப் போடாத இன்னொருவரிடம் தாளைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போன வருஷ கொட்டேஷனையும், அந்த வேலைக்கு நிஜமாக ஆன செலவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால், விட்டுப்போன அந்த ஒரு வரி எங்கும் போய்விடாது. வேலை பாதியில் இருக்கும்போது, சனிக்கிழமை சம்பளத்துக்கு நிற்கும் ஃபிட்டர் தலையில்தான் வந்து விழும்.